ஒரே ஒரு கோடு

கட்டபெட்டு வளைவில்தான் சிக்னல்.
டிரைவரை போனில் இறக்கிக்கொண்டு
ஏறி வந்தேன், காலில் அட்டையோடு.

மேக் என்று அடித்தேன்.
கெர்னல் ஹெடர் இல்லையாம்.
நெட் வர டிரைவர் வேண்டும்,
டிரைவர் வர நெட் வேண்டும்;
மறுபடி வளைவு, மறுபடி மழை.
டீக்கடை ஹாலன்
"மாடு ஏதும் தொலஞ்சுதா?" என்றான்.

பத்தரைக்கு
நகமளவு அடாப்டரில் நீலம் துடித்தது.
திரையில் ஒவ்வொன்றாய்ப் பெயர்கள்:
பாதிக் காசு நான் கட்டும் பேக்கரி,
இலை ஃபேக்டரி,
'பாஸ்வேர்டு கேக்காதீங்க',
கடைசியில், ஒரே ஒரு கோட்டோடு,
ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து
போஜன்.

வேலித் தகராறில்
மூன்று வருடமாய்ப் பேசாத அண்ணன்.
அந்தக் கடவுச்சொல்
நான் வைத்துக் கொடுத்தது.
மாற்றியிருப்பான் என்றுதான்
அடித்துப் பார்த்தேன்.

மாற்றவில்லை.