குடும்பம் 318

ஐந்தாண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதம்,
கல்லவெசி ஏரியின் பனி
இன்னும் லாரியைத் தாங்கும் நாட்களில்
குவோப்பியோவுக்குப் பேருந்தில் வருவார்கள்
சைமியும் கெர்த்துவும்.
பிடிவலு அளக்கும் கருவியை
ஒருத்தி நெரிக்க, மற்றவள் முள்ளையே பார்ப்பாள்.
"அவளுக்கு எவ்வளவு?"
நர்ஸ் ரைலியிடம் இருவருக்கும் அதுதான் கேள்வி.

முப்பத்தொன்று. இருபத்தெட்டு.
அடுத்த முறை முப்பது, இருபத்தேழரை.
என் மேசைக்கு வந்து சேர்வது இவ்வளவே:
குடும்பம் 318, அலை ஒன்று, அலை இரண்டு,
இணைவகை 2.

இரண்டு என்றால் பாதி மரபணுதான் பொது.
1938இல் மருத்துவச்சி எண்ணிச் சொன்னாளாம்,
நஞ்சு ரெண்டு, ஆகவே பிள்ளைகள் வேறு என்று.

நான் கோடு வரைகிறவன்.
ஆளுக்கொரு தொடக்கம், ஆளுக்கொரு சரிவு;
இறங்குகிற வேகத்திலும் பரம்பரை இருக்கிறதா என்று
நாலாயிரம் சோடிக் கோடுகளைக் கேட்கிறவன்.
மாறுபாட்டை மூன்றாகப் பங்குவைப்பேன்:
மரபணுவுக்கு, சேர்ந்து வளர்ந்த வீட்டுக்கு,
பிறகு அவரவர் தனியே பட்டதற்கு.
அறுபது வயதில் வீட்டின் பங்கு
பூஜ்யத்தோடு ஒட்டிப் படுத்துவிடுகிறது.

இதைச் சொன்னதும் கெர்த்து கையைச் சுருட்டினாள்.
"அந்த வீட்டு அடுப்பில் வெந்த முழங்கை இது."
தழும்பு ஒருத்திக்கு மட்டும் என்பதால்
கணக்கில் அது தனியே பட்டது, என்றேன்.
"தள்ளிவிட்டது இவள்," என்றாள்.

நான்காம் அலையில் ரத்தம் எடுத்தோம்.
318: இணைவகை 1.
பாதி அல்ல, முழுதும்.

ஒரே இலக்கம். திருத்தி மறுபடி ஓட்டினேன்.
மூன்றாம் தசமம்கூட அசையவில்லை.
அந்த மூன்று கிலோ மட்டும்
மரபணுவின் பையில் பாதி கிடந்தது, வெளியே உருண்டது:
மர அறுவை ஆலையில் சைமிக்குப் பதினோரு வருடம்,
கெர்த்துவுக்குத் தந்தி அலுவலகத்தில் ஒரு நாற்காலி.

ஒப்புதல் படிவத்தில்
"முடிவை அறிய விரும்புகிறேன்" என்ற கட்டத்தில்
சைமி குறி போட்டிருந்தாள்.
கெர்த்து போடவில்லை.
ஒருத்தியிடம் சொன்னால் இருவரிடமும் சொன்னதாகும்.
நெறிமுறைக் குழு கூடியது,
காப்பி குடித்தது,
அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தது.

ஐந்தாம் அலை.
எழுபத்தைந்து வயது, ஒரே பேருந்து,
வேறு வேறு இருக்கை.
சைமி நெரித்தாள்: இருபத்துமூன்று.
கெர்த்து நெரித்தாள்: இருபத்துமூன்று.
ரைலி என்னைப் பார்த்தாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கருவி கெட்டுவிட்டது,"
என்றாள் கெர்த்து,
கையை உதறி மறுபடி நீட்டினாள்.