நாளை மாலை

குர்லா மேற்கு, மேம்பாலப் படிக்கு அடியில்
ஆறடிக்கு மூன்றடி என் கடை.
நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:
தெம்பா, டர்பன். டிஸ்பிளே உடைசல்.
அட்வான்ஸ் இருநூறு. நாளை மாலை.

அந்த நாளை மாலை இன்னும் வரவில்லை.
மூன்று மழை போய்விட்டது.

டிஸ்பிளே மாற்றினால் ஸ்பீக்கரையும் சோதிக்க வேண்டும்.
மெமரி கார்டில் நாற்பத்தொரு பாட்டு,
ஒன்றுக்கும் பெயர் இல்லை, எண்தான்.
ஏழாவதை அழுத்தினேன்.

மேளம் இல்லை, பெட்டி இல்லை, கம்பி இல்லை.
ஒருத்தன் மட்டும் மேலே ஏதோ கேட்கிறான்
வீட்டுக்கு வழி கேட்பவனைப் போல.
ஒன்பது பேர்
பதில் சொல்லவில்லை,
பக்கத்தில் வந்து நிற்கிறார்கள்.
அவ்வளவுதான் பாட்டு.
தட்டில் கிடந்த திருகாணிகள்
அடிக்குரலுக்கு லேசாக நடுங்கின.

பக்கத்துக் கடையில் ஷம்ஷாத்
யாருக்கோ டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தான்.
நடுவில் குமிழி விழுந்ததை
அவனும் பார்க்கவில்லை, போனுக்குச் சொந்தக்காரரும்.
"ஃபிர் ஸே லகாவ், பாய்" என்றான்.

அன்றிலிருந்து மூன்று பேர்.
நான், அவன்,
பத்தேகாலுக்கு டூட்டி முடித்து
விசில் கழுத்தில் தொங்க வரும் ரயில்வே போலீஸ் காம்ப்ளே.
பெயர் இல்லாததற்கெல்லாம் பெயர் வைத்தோம்.
பன்னிரண்டு: மாமியார் வீட்டுக்குப் போவது.
முப்பது: வட்டி கட்டியாச்சு.
ஏழுக்கு மட்டும் ஒத்துவரவில்லை.
ஷம்ஷாத்துக்கு அது துஆ.
காம்ப்ளே சொல்வார், யாரோ செத்திருக்கிறான்,
தண்டவாளத்திலிருந்து இன்னும் எடுக்கவில்லை.
எனக்கு அது கடைசி லோக்கல் போனபின்
பிளாட்பாரம் மூச்சுவிடுவது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பாடியும் பார்த்தோம்.
அடிக்குரல் எனக்கு என்றார்கள்.
இருமல்தான் வந்தது.
மேலே கல்யாண் ஃபாஸ்ட் கடந்தபோது
நிறுத்தவில்லை.
அது எங்களைவிடச் சரியாகச் சேர்ந்தது.

காம்ப்ளேயின் மகள் எங்கோ படித்துச் சொன்னாள்:
தங்கச் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்தவர்கள்,
விடுதியில் அடுக்கடுக்காகப் படுத்தவர்கள்,
ராத்திரி பாடி ஆடும்போது
காவலாளி விழிக்காமலிருக்க
நுனிக்காலில் ஆடிப் பழகினார்களாம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தாராவியில் என் மாடிக்கு இரும்பு ஏணி.
பத்துக்குப் பத்தில் எட்டுப் பேர்.
வாசலோரம் இசக்கிமுத்து, நாலு மணிக்கு எழ வேண்டியவன்.
நள்ளிரவு தாண்டி
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஒவ்வொரு விரலாக ஊன்றி ஏறுவேன்.
மூன்றாம் படி கிறீச்சிடும், அதைத் தாண்டுவேன்.
பதினாலு வருஷமாக ஆடுகிறேன்.
பாட்டுதான் இல்லாமல் இருந்தது.

ஒருநாள் ஒரு பெண்.
இரண்டு மூட்டை குர்த்தி, அடைத்துப்போன சார்ஜிங் துளை.
நிறத்தைப் பார்த்த ஷம்ஷாத்
அவசரமாக ஏழாவதைப் போட்டு
"மேடம், அர்த்தம்?" என்றான்.
அவள் சிரித்த சிரிப்பில்
படியேறியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
"நான் லாகோஸ்.
அந்த ஊருக்கு எனக்கே ஆறு மணி நேர விமானம்.
காஷ்மீரிப் பாட்டு உனக்குப் புரியுமா?"
எங்கள் மூன்று முகமும் தொங்கியது.
துளையை ஊசியால் சுத்தம் செய்து கொடுத்தேன்.
காசு வாங்கக் கூசியது.

அவள் போகவில்லை.
மூட்டையை இறக்கினாள், அதன்மேல் உட்கார்ந்தாள்.
"மறுபடி" என்றாள்.

ஞாயிறுதோறும் அந்தப் போனுக்குச் சார்ஜ் போடுகிறேன்.
தெம்பா, வந்தால் கொடுத்துவிடுவேன்.
மீதி எண்ணூறு வேண்டாம்.
கார்டை நகல் எடுத்ததையும் சொல்லிவிடுவேன்,
திட்டினால் திட்டு.
கேட்க ஒன்றுதான் இருக்கிறது:
ஏழாவதில் தனியாக மேலே கேட்கிறானே,
அவன் வழி தெரிந்து போனானா,
இல்லை
அவர்களோடு அங்கேயே
நின்றுவிட்டானா?