மிளகு பாக்கி

எஸ்கேல் இரண்டு மாத பாக்கி.
மிளகு, ஒரு மூட்டை தனியா.
பில்லை மடித்துச் சட்டைப்பையில் செருகி
கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலிருந்து
ராயப்பேட்டைக்கு வண்டியை விட்டேன்.

மூன்றே மேசை. வாசல் நிலையில்
சாய்வாக அறைந்த சிறு வெள்ளிக் குழல்.
கேட்க வாயெடுப்பதற்குள்
"உட்காருங்க முதலாளி" என்று
இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கினார்.
ஆவி விலக, உள்ளே
கரிக்கட்டை போல் மாட்டு நெஞ்சுக்கறி.

பதினோரு நாள் உப்புநீரில் கிடந்ததாம்,
ஒரு பகல் முழுக்கச் சவுக்குப் புகையில்.
குறுக்கே அறுத்தார்.
வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவப்பு.

பாஸ்ட்ராமி.
பெயரை இரண்டு தடவை தப்பாய்ச் சொன்னேன்.
எங்கள் வீட்டில் கோழியைத் தாண்டியதில்லை.
முதலில் புகை,
அப்புறம் கொழுப்பு இளகி நாக்கில் படிய,
கடைசியாக மேல்பொருக்கு நறநறத்தது.
அட, இது என் சரக்கு!
தை மாத வயநாட்டு மிளகு,
கல் பொறுக்கும்போது செண்பகவல்லி
ஒன்பது முறை தும்மிய மூட்டை.
முப்பது வருஷமாய்க் கடித்துப் பார்த்து விலை சொல்கிறேன்,
அது போய்ச் சேரும் இடத்தை
இன்றைக்குத்தான் கடிக்கிறேன்.

கொஞ்சம் சீஸ் வைக்கலாமே என்றேன்.
"பாலும் கறியும் ஒரே தட்டில் சேராது, எங்க வழக்கம்."
சரிதான்.
எந்த வீட்டில்தான் எல்லாம் சேருகிறது?

பில்லை நீட்டியபோது
விரலிலிருந்த கடுகுச்சாந்து
தொகையின் முதல் எண்ணில் அப்பிக்கொண்டது.
ஏழா, ஒன்றா?
ஒன்று என்று படித்தேன்.
"ஏழு முதலாளி" என்று திருத்தினார் எஸ்கேல்.
தரவில்லை.
அடுத்த வாரத்துக்கு
இன்னும் எட்டுக் கிலோ கேட்டார்.