நீல எழுத்துகள்

இணைப்புகளை வெட்டுவது என் வேலை.
பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில், பழுதான பிரிண்டர்களுக்குப் பக்கத்தில்,
காபி குடித்துக்கொண்டே செய்யலாம்.
மண்ணியல், முதலாமாண்டு: நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்.
ஒன்றுகூட வெளியே போகும் வழியாக இருக்கக் கூடாது.
வைஃபை சில்லைக் கழற்றி
யூஎஸ்பி வாயில் பசை ஊற்றி
மாதத்துக்குப் பத்து மடிக்கணினி
காலவின் பெண்கள் சிறைக்குப் போகும்.
ரேலீன்தான் வண்டி ஓட்டுவாள்.
வழி கேட்டால், கோதுமை, கோதுமை,
அப்புறம் முள்கம்பி என்பாள்.

வெட்டிய பிறகும் நிறம் தங்கிவிட்டது,
என் கவனக்குறைவு.
அறுபத்தொன்றாம் பக்கத்தில், நீலத்தில், அடிக்கோட்டோடு
'இதைக் கேளுங்கள்.'
சொடுக்கினால் ஒன்றும் நடக்காது.
ஒரு வருஷம் யாரும் புகார் சொல்லவில்லை.
திறக்காதவற்றைப் பற்றி
அங்கே யார் புகார் சொல்லப்போகிறார்கள்.

பிறகு ரேலீனின் பையில் ஒரு தாள் வந்தது.
கோடு போட்டது, பென்சில் எழுத்து:
"ஐயாவோ அம்மாவோ, யாரானாலும்,
பக்கம் 61இல் நான் எதைக் கேட்க வேண்டும்?
டோரீன் ஸ்க்ளேட்டர், பி பிரிவு."

நானும் அன்றுதான் கேட்டேன்.
நாற்பது விநாடி.
டார்லிங் டௌன்ஸில் வெடித்துக் கிடந்த கரிசலுக்குள்
மைக்கை இறக்கி, மழைக்குக் காத்திருந்து
யாரோ பதிவு செய்திருந்தார்கள்.
'நீர் ஊடுருவும் ஒலி' என்று எழுதினேன். அடித்தேன்.
'சீறல்.' அதையும் அடித்தேன்.
கடைசியில்,
சூடான வாணலியில் தண்ணீர் தெளித்ததுபோல,
ஆனால் மெதுவாக, கீழேயிருந்து
என்று அனுப்பிவிட்டு மறந்துபோனேன்.

மூன்றாம் செய்முறை:
'நீங்கள் வசிக்குமிடத்தில் ஒரு பிடி மண் எடுங்கள்.'
காலவின் முற்றம் முழுக்கக் கான்கிரீட்.
சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு புதினாத் தொட்டி உண்டாம்.
காவலர் பதிவேட்டின் நகலையும் அவள் இணைத்திருந்தாள்:
மண், ஒரு கரண்டி. நோக்கம், படிப்பு.
திரும்பப் பெறப்பட்டது.
ஈரமாக்கிக் கட்டைவிரலால் நசுக்கி நாடாவாக நீட்ட வேண்டும்,
எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு களி.
அவள் விடை: "என் சுண்டுவிரலில் இரண்டு கணு.
அளவுகோல் தர மாட்டார்கள்."
அலகு எழுதவில்லை என்று
டாக்டர் ஃபென்விக் அரை மதிப்பெண் குறைத்தார்.

ஜூலையில் ஏழாம் எண் மடிக்கணினி திரும்பி வந்தது.
விடுதலையா, வேறு சிறையா,
ரேலீன் கேட்டுப் பார்த்தாள். சொல்லவில்லை.
அடுத்தவர் கைக்குப் போகுமுன்
எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், அதுதான் விதி.
அழிக்குமுன் பார்க்கலாமா என்பதற்கு விதி இல்லை.
ஒரே ஒரு கோப்பு. பெயர், 'நீலம்'.

"பக்கம் 14, இங்கே பாருங்கள்:
ஒரு ஆள் தோண்டிய குழிக்குள் இடுப்புவரை நிற்கிறான்.
எதற்கோ சிரிக்கிறான்."
(உண்மையில் அங்கே இருந்தது
அரசுத் துறையின் ஒன்பது பக்க அட்டவணை.)
"பக்கம் 88, மேலும் அறிய: மேலும்."
"பக்கம் 103: மண்புழு, பெரிதாக்கியது.
எந்தப் பக்கம் முகம் என்று கடைசிவரை தெரியாது."
இப்படி நானூற்றுப் பன்னிரண்டு.
சிலவற்றுக்கு எதிரே ஒரே சொல்: "கடல்."
அறுபத்தொன்றில் என் வாக்கியத்தை அப்படியே எடுத்துப்போட்டு
கீழே:
"வாணலி இல்லை. சனிக்கிழமை தொட்டிக்குத் தண்ணீர் விட்டு
காதை வைத்துப் பார்த்தேன்.
ஒரு பெரிய கூட்டம், எல்லோரும் ஒரே சமயத்தில்
மூச்சை உள்ளே இழுக்கிறார்கள்.
யாருமே வெளியே விடவில்லை."

காதணியை மாட்டிக்கொண்டு
அந்த நாற்பது விநாடியை மறுபடி கேட்டேன்.
பிறகு இன்னொரு முறை.

அழிக்கப் பதினொரு நிமிடம் ஆனது.
திங்கட்கிழமை ஏழாம் எண் வேறு யாருக்கோ போகிறது.
பாடத்தில் ஓரிடத்தை மட்டும் மாற்றினேன்,
பெயர் போட அனுமதியில்லை.
பக்கம் 61இல் அந்தக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
நிறத்தை நீலமாகவே விட்டேன்.
இம்முறை கவனமாக.