இறக்கம்

சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து பிளேடு ரேசரைக்
கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார்கள்.
வேண்டுமென்றால் மணி அடித்துக்
காவலாளியை அழைக்க வேண்டும்.
என் தாடி மயிருக்கு ஒரு சாட்சி.
வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

ஆற்றுக்கு இறங்கும் தெருவில்
துடைப்பக்கட்டைக்கும் எலிமருந்துக்கும் நடுவிலிருந்து
கடைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்தாள்,
ஒரு சேஃப்டி ரேசர்.
உள்ளங்கையில் எலுமிச்சம்பழக் கனம்.
பத்து பிளேடின் விலை இரண்டு காப்பி.
"முப்பது டிகிரி" என்றாள்
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.
வெயிலைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.
போர்த்து நகரில் அது பிப்ரவரி.
வெளியே மழை.

முதல் நாள் நுரை வரவில்லை.
கிண்ணத்தில் திரிந்த பால்.
பன்றிமயிர் பிரஷ்ஷில் நனைந்த நாயின் வாடை.
கண்ணாடியில்
கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஏழைத் தம்பி ஒருவன்.
நாற்பத்தோரு வருஷம் இழுத்துப் பழகிய பலத்தோடு
கன்னத்தில் வைத்து இழுத்தேன்.
முதலில் சத்தம்தான் கேட்டது,
தீய்ந்த ரொட்டியைக் கத்தியால் சுரண்டுகிற மாதிரி.
அப்புறம் சிவப்பு.
தாடையில் ஒன்று,
மேலுதட்டில் ஒன்று,
குரல்வளை மேட்டில் இரண்டு.
கழிப்பறைக் காகிதத்தைக் கிள்ளிக் கிள்ளி ஒட்டிக்கொண்டு
வேலைக்குப் போனேன்.
டிராம் கொட்டகையில் ஃபிர்மீனு கேட்டான்:
"என்ன அபிலியு, பூனையா, மாமியாரா?"
எனக்குப் பூனை கிடையாது.

இரவு
படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தேன்.
எங்கெங்கே தப்பு என்று
ஒவ்வொரு இடமாக எரிந்து சொன்னது.
முகதாட்சண்யம் தெரியாத கல்.

ஞாயிற்றுக்கிழமை மழிக்கவில்லை.
இரண்டு நாள் முளையை விரலால் தடவி
மயிர் போகிற போக்கைப் பார்த்தேன்.
வலக்கன்னம் கீழ்நோக்கி. ஒழுங்கான பிள்ளை.
இடக்கழுத்தில் எல்லாம்
காதைப் பார்த்து மேலே ஏறுகிறது.
தாடைக்கடியில் ஒரு சுழி,
பாலத்தூணருகே தோரு ஆறு சுற்றுமே
அதைப் போல.
இந்தக் கழுத்தில்தான் டை கட்டிக்கொண்டு
கல்யாணத்துக்குப் போனேன்.
அதே டையோடு விவாகரத்துக்கும் போனேன்.
உனக்கு எந்தப் பக்கம் என்று
ஒருநாள்கூடக் கேட்டதில்லை.
சிகரெட் அட்டையின் பின்னால்
அம்புக்குறிகள் போட்டுக்
கண்ணாடியில் ஒட்டினேன்.

செவ்வாயன்று பத்தாலியாவிலிருந்து இறங்குகிறேன்.
தண்டவாளமெல்லாம் ஈரம்.
இறக்கத்தில் வண்டியை யாரும் தள்ளுவதில்லை.
மின்சாரத்தை அறுத்துவிட்டு
பிரேக் பிடியில் கையைச் சும்மா வைத்திருந்தால் போதும்,
தன் கனத்தில் தானே இறங்கும் வண்டி.
இருபத்தாறு வருஷமாக
தினம் பதினான்கு தடவை செய்கிற காரியம்.
வளைவில் என்னையறியாமல்
உரக்கச் சிரித்துவிட்டேன்.
முன்னிருக்கையில் ஒரு ஜெர்மன்காரி
கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நுரை கெட்டித் தயிராக வந்தது.
பிடியின் நுனியில் இரண்டு விரல், ஒரு கட்டைவிரல்.
நான் அழுத்தவில்லை.
எலுமிச்சம்பழக் கனம்
கன்னத்தில் தானாக இறங்கியது.
சத்தம் வேறு மாதிரி,
சாக்கிலிருந்து அரிசி மெல்லச் சரிவதுபோல.
சுழி வந்ததும் நிறுத்தினேன்.
குறுக்காக ஒருமுறை.
இன்னும் சொரசொரப்பு.
விட்டுவிட்டேன்.
எல்லாவற்றையும் ஒரே காலையில்
வழித்தெடுக்க வேண்டுமா என்ன.

பழைய பிளேடைக் குப்பையில் போட்டால்
அள்ளுகிறவர் கை கிழியும்.
மத்தி மீன் டப்பா ஒன்றைக் கழுவி
மூடியை டேப்பால் ஒட்டி
ஒரு கீறல் போட்டேன்.
உள்ளே விட்டுக் குலுக்கினேன்.
ஒற்றைக் காசு விழுந்த உண்டியல் சத்தம்,
லேசாக மீன் வாசனையோடு.

கொட்டகையில் ஃபிர்மீனு
என் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.
குறை தேடுகிறான் என்று தெரிந்தது.
தாடையை நன்றாகத் தூக்கிக் காட்டினேன்.

"காதில் சோப்பு" என்றான்.