வாய் திறக்கக் கூடாத இருபது நிமிடம்

எங்கள் வகுப்பில் ஒரு விதி:
யார் கவிதையைப் பிரித்துப் போடுகிறோமோ
அவர் பேசக் கூடாது.
இருபது நிமிடம். பெனிட்டாவின் போனில் அலாரம்.

செவ்வாய் மாலை, மூன்றாம் மாடி.
சன்னலைத் திறந்தால் கடலோசை என்று
சேர்க்கைக் கையேட்டில் போட்டிருந்தது.
வருவது காமராஜர் சாலை ஹாரன்.
மேசைமேல் விரலை ஓட்டினால் மட்டும்
கொஞ்சம் உப்பு.

காலையில் வியாசர்பாடியில் மீட்டர் பார்த்தவள் நான்.
நூற்றுப் பன்னிரண்டு வீடு, மூன்று நாய்,
யார் ஏசிக்கு யார் பணம் கட்டுவது என்று ஒரு சண்டை.
சேப்பாக்கம் ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவி
முதுகலை மாணவி ஆகிறேன்,
முப்பத்தெட்டு வயதில்.

அன்று என் முறை.
பதினோரு வரி. கடைசி வரி:
கதவு பூட்டு.

பூட்டு ஒரு படிமம் என்றான் கோபிநந்தன்.
மொழியின் இயலாமை என்றாள் மெஹருன்னிசா.
பெண்ணுடல் என்றது பின்வரிசை.
நகரத்தின் அந்நியமாதல் என்று ஒருவர்
எழுதியே நீட்டினார், பச்சை மையில்.
பெனிட்டா மட்டும்,
"கடைசி வரிய எடுத்துடலாமே,
அது ரொம்பக் கவிதையா இருக்கு."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அது கவிதையே இல்லை, தாயே.
அலுவலகம் கொடுத்த கருவியில் ஒரு கட்டம்.
ஆள் இல்லாவிட்டால் அதைத் தொட்டுவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போவோம்.
பதினான்கு வருடமாகத் தொடுகிறேன்.

அலாரத்துக்குச் சில விநாடி முன்,
அதுவரை பேனாவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த
தணிகாசலம் கேட்டான்:
"உள்ள யாரு இருந்தாங்க?"

அடித்தது அலாரம்.
இனி நான் பேசலாம்.
தேக்கிவைத்த பதில்களில்
இதற்கு ஒன்றும் இல்லை.
"தெரியல," என்றேன்.
அடுத்த கவிதைக்குப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே சந்து.
நீலக் கதவு, அதன் முன்னால் கிரில், அதிலே பூட்டு.
வழக்கமாக ஒரு தட்டு, பத்து எண்ணுவேன், கட்டத்தைத் தொடுவேன்.
அன்று இரண்டாம் முறை தட்டினேன்.
பக்கத்து வீட்டம்மா,
"யாரும் இல்லையே," என்றாள். பிறகு,
"இருந்த மாதிரியும் தெரியலையே."

கிரில்லுக்குள் முழங்கைவரை விட்டு
டார்ச்சைப் போட்டுப் படம் எடுத்தேன்.
4419.
நான்கு மாதத்துக்கு முந்தைய அளவு
4417.

இரண்டு யூனிட்.
ஃப்ரிட்ஜ் இல்லை, ஃபேன் இல்லை.
அறுபது வாட் குண்டு பல்பு என்றால்
முப்பத்து மூன்று மணி நேரம், சில்லறை.
ஞாயிறு போக நூறு நாள் என்று வைத்தால்
நாளுக்கு இருபது நிமிடம்.
யாரோ வந்து, விளக்கைப் போட்டு,
உட்கார்ந்து, அணைத்துவிட்டு...
இப்படியும் கணக்குப் போடலாம்.
மின்கசிவு என்றும் போடலாம்.

தொகை பூஜ்யம்.
நூறு வரைக்கும் இலவசம்.

பெனிட்டா சொன்னபடி கடைசி வரியை எடுத்துவிட்டேன்.
அந்த இடத்தில் 4419 என்று இருக்கிறது.
செவ்வாயன்று மறுபடி என் முறை.
வருடத்தைக் குறிக்கிறதா, கைதி எண்ணா,
கடவுளின் கைபேசிக் கடைசி இலக்கமா என்பார்கள்.
நான் வாய் திறக்கக் கூடாது.

தணிகாசலம் மூன்று வாரமாக வரவில்லை.
பருவக் கட்டணம் பாக்கி என்கிறார்கள்.
போன் போகிறது, எடுப்பதில்லை.
இரண்டாம் முறையும்
அடித்துப் பார்க்க வேண்டும்.