காரணம் என்ற கட்டம்

பாத்கேன் விசாரணை அலுவலகத்தில்
வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்கிறாள் ஊல்கான்.
படிவத்தில் கடைசிக் கட்டம்: காரணம்.
ஒரு வரிக்குத்தான் இடம்.

நாற்பத்தொரு பேர் வந்துபோய்விட்டார்கள்.
தலையில் கட்டுப்போட்டவர், கையைத் தூளியில் தொங்கவிட்டவர்,
வெள்ளைக் கல்பாக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து
அதன் விளிம்பையே தடவிக்கொண்டிருந்தவர்.

மதகடியில் அவர்கள் கம்பம் நட்டார்கள், கம்பத்தில் கேமரா.
இல்லை, அதற்கு முந்தின வாரம்
நம் முறைநாளில் கணுக்கால் நனையத் தண்ணீர் வரவில்லை.
இல்லை, போன வருஷம் அவர்கள் ஆடு நம் சோளத்தில்.
இல்லை, கூட்டுப்பண்ணைக் காலத்தில்
எல்லைக்கோடு இழுத்த சர்வேயர் அன்று குடித்திருந்தான்.

நூல் பிடித்துப் பின்னால் போகப் போக
நுனி எப்போதும் அடுத்தவர் கையில்.

ஊல்கான் கவனித்தது வேறு.
கல் பறந்தது. அடி விழுந்தது. ஜன்னல் உடைந்தது.
வீடு எரிந்தது.
ஏப்ரலில் ஆப்ரிகாட் பூ உதிர்வதுபோல்
எல்லாமே தானாக நடந்திருந்தன.
மண்வெட்டிகள் எழுந்து தாமே நடந்தன போலும்.
பெட்ரோல் தன்னைத்தானே போத்தலில் ஊற்றிக்கொண்டு
வழி விசாரித்து விசாரித்து
சைத்முராதின் வீட்டைக் கண்டுபிடித்தது போலும்.

வாய்க்காலுக்கு அந்தப்பக்கமும் இப்படி ஓர் அறை இருக்கும்.
அங்கேயும் ஒருத்தி, ஆறிப்போன தேநீரோடு,
இதே கட்டத்தை நிரப்பிக்கொண்டிருப்பாள்.
வேறு மொழி. அதே கல், அதே பறத்தல்.

நாற்பத்திரண்டாவது ஆள் எர்கேஷ்பாய். வெல்டர்.
புருவம் கருகியிருந்தது,
தொழிலாலா அன்றிரவாலா தெரியவில்லை.
உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.
"வீட்டை எரித்தேன்" என்றான்.

அவள் விரல்கள் பழக்கத்தில்
எரிந்தது என்று அடித்துவிட்டன.
அழித்தாள்.
ஒரு மெல்லெழுத்து எழுந்துகொள்ள,
அந்த இடத்தில் ஒரு வல்லெழுத்து வந்து உட்கார
நாற்பத்திரண்டு பேர் தேவைப்பட்டிருக்கிறது.

அதிகாரி நிமிர்ந்தார்.
"அவ்வளவு வெறுப்பா அந்த ஆள்மேல்?"

"சைத்முராது மேலா?
என் கல்யாணப் புலாவ் வெந்தது அவருடைய அண்டாவில்.
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை."

"பிறகு ஏன்?"

"போத்தல் என் கையில் இருந்தது.
பின்னால் பையன்கள் நின்றார்கள்.
எறி என்று யாரும் சொல்லவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான்.
எறியாமல் திரும்பியிருந்தால்
மறுநாள் எந்த முகத்தோடு கடையைத் திறப்பேன்?"

கொஞ்சம் பொறுத்து,
"எறிந்ததும் உடம்பில் குளிர் விட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
சந்தோஷம் மாதிரிதான் இருந்தது."

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.
"தண்ணீர் என்று போடு."
மற்ற நாற்பத்தொன்றிலும் அதுதான் இருந்தது.

ராத்திரி, வீட்டில், பெக்தூர் சட்டையைக் கழற்றும்போது
காதோரம் அந்தத் தடம், மஞ்சளாகிக்கொண்டு.
ஆசிரியை கேட்டதற்குக் கதவு பட்டது என்று
சொல்லியனுப்பியிருந்தாள்.
அன்றைக்குக் கொட்டியது அரை லிட்டர் பால்.
அன்றைக்கு அலுவலகத்தில் எல்லார் முன்னாலும்
அவளைக் கத்தியவர் அதிகாரி.
அவரை எவர் கத்தினாரோ, அவருக்கு மேலே எவரோ...

நூலை அங்கேயே விட்டாள்.

"பெக்தூர், நான் உன்னை அடித்தேன்" என்றாள்.

பையன் கோப்பையைக் கீழே வைத்தான்,
ஒரு சொட்டும் சிந்தாமல்.
அடுத்து என்ன வருமோ என்று
அவள் கையைப் பார்த்தான்.